வேட்டை என்னும் சொல்லும் மைசூர் நகரமும்: ஒருநாள் சுற்றுலாவின் முன்வரலாறு

மைசூருக்கு வரும் சிறு குழுக்களுக்கெனத் தனியே வகுக்கப்படும் ஒருநாள் நகர்ச் சுற்றுலாக்களில் இரண்டு கூறுகள் இப்போது இணைந்து வருகின்றன. ஒன்று, விலங்குகளையும் பறவைகளையும் அருகிருந்து காணுதல். மற்றொன்று, தெருக்களில் நிகழும் 'புதையல் வேட்டை'. கையில் தரப்பட்ட குறிப்புகளைக் கொண்டு ஒரு சிலையையோ ஒரு பழங்கடையையோ ஒரு கட்டடத்தின் முகப்பையோ தேடிக் கண்டு, படமெடுத்து, அடுத்த குறிப்புக்கு நகர்வது அதன் விதி. எங்கே எது கிடைக்கும் என்பது அமைப்பாளருக்கு முன்பே தெரியும். தேடுகிறோம் என்ற உணர்வு மட்டும் விருந்தினருக்கு வழங்கப்படுகிறது.

வரலாற்று மாணவர் இதனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது இயல்பு. எனினும், விருந்தினருக்காக முன்கூட்டியே அமைக்கப்பட்ட வேட்டை என்னும் வடிவம் மைசூருக்குப் புதிதன்று. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக இந்நகரமும் அதனைச் சூழ்ந்த காடும் அவ்வடிவத்தைப் பயின்று வந்துள்ளன. காட்டில் தடம் பார்த்துத் தேடும் வேட்டை ஒன்று. அத்தேடலின் விளைவை மேடையிலிருந்து காணும் வேட்டை மற்றொன்று. இரண்டாவது முதலாவதைச் சார்ந்தே நின்றது. ஆயினும் முதலாவதைச் செய்தோரின் பெயர்கள் இரண்டாவதன் பதிவுகளில் மிக அரிதாகவே இடம்பெற்றன. இவ்விரண்டு வேட்டைகளுக்கும் இடையிலான உறவை மைசூரின் சில இடங்களையும் ஆண்டுகளையும் கொண்டு விளக்குவதே இப்பதிவின் நோக்கம்.

பெயரிலேயே ஒரு விலங்கு

மைசூர் என்னும் பெயரே ஒரு விலங்கைத் தாங்கி நிற்கிறது. மகிஷன் என்னும் எருமைத் தலை அசுரனின் ஊர் என்பது மரபுவழி விளக்கம். சாமுண்டி மலைமேல் வாளும் பாம்பும் ஏந்தி நிற்கும் மகிஷாசுரன் சிலை நகரத்துக்கு வரும் எவர் படத்திலும் தவறாது இடம்பெறுவது. தமிழ் மாணவருக்கு இதில் கூடுதல் ஆர்வம் உண்டு. அகநானூற்றில் வரும் 'எருமை' என்னும் தலைவனின் நாட்டையும், தலையாலங்கானத்தில் நெடுஞ்செழியனிடம் தோற்ற எழுவருள் ஒருவனான எருமையூரனையும் மைசூர்ப் பகுதியோடு பொருத்திக் காணும் அறிஞர்கள் உளர். அப்பொருத்தம் விவாதத்துக்குரியதே. ஆயினும் எருமையின் பெயரால் அறியப்பட்ட ஒரு நாட்டைச் சங்கப் புலவர்கள் வடுக நிலத்தோடு சேர்த்து அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை.

விலங்கை அரசின் அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் பின்னும் தொடர்ந்தது. உடையார்களின் சின்னமான இருதலைப் பறவை கண்டபேருண்டம் இன்று கர்நாடக மாநிலத்தின் இலச்சினையில் உள்ளது. திப்பு சுல்தான் புலியைத் தம் ஆட்சியின் குறியாக்கினார். ஐரோப்பியப் படைவீரன் ஒருவனைப் புலி கவ்வுவதாக அமைந்த அவருடைய இசைப்பொறி 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கொள்ளைப் பொருளாக இலண்டன் சென்றது. 1808 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாளிகையில் பார்வைக்கு வைக்கப்பட்டு, இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மரப்புலியின் கதை பலரும் அறிந்தது. அரண்மனையில் வளர்க்கப்பட்ட உயிருள்ள புலிகளின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கோட்டை வீழ்ந்த சில நாள்களில், நகரின் பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லெஸ்லி தம் மேலதிகாரிக்கு எழுதிய கடிதமொன்றில் அப்புலிகளைக் குறிப்பிடுகிறார். அவற்றுக்கு இரை இல்லை, பராமரிக்க ஆளும் இல்லை, அவை மூர்க்கமாகி வருகின்றன. நிசாமின் தரப்பினரான மீர் ஆலம் எடுத்துச் செல்லாவிடில் சுட்டுவிட ஆணையிட வேண்டியிருக்கும் என்பது அதன் சாரம். ஓர் அரசு வீழும்போது அதன் விலங்குக் கூடத்துக்கு நேர்வது என்ன என்பதற்கு இதனினும் சுருக்கமான சான்று அரிது. புலிகளைப் பேணியவர்கள் போரின்போது எங்கே போயினர் என்று அக்கடிதம் வினவவில்லை.

மேடையிலிருந்து கண்ட யானைப் பிடிப்பு

தமிழ் நிலத்துக்குப் பழக்கமான யானைப் பிடிப்பு, குழி வெட்டி வீழ்த்தும் முறை. கூட்டில் அடைபட்டு வளர்ந்த புலிக்குட்டியையும், குழியில் வீழ்ந்து கரையை இடித்து மீண்ட களிற்றையும் கரிகாலனுக்கு உவமையாக்கும் பட்டினப்பாலை, அம்முறையின் பழமைக்குச் சான்று. சென்னை மாகாணத்தின் ஆனைமலை முதலிய காடுகளில் பிற்காலத்திலும் குழிமுறையே பெரிதும் கையாளப்பட்டது. மைசூரில் வேரூன்றியது வேறு முறை: மந்தை முழுவதையும் வளைத்து அடைப்புக்குள் ஓட்டும் 'கெட்டா'.

இதனை மைசூரில் வெற்றிகரமாக நடத்திக் காட்டியவர் ஜி.பி. சாண்டர்சன். கால்வாய்ப் பராமரிப்பு அலுவலராக மைசூர் அரசுப் பணியில் இருந்த அவர், 1873–74இல் சாமராஜநகர்ப் பகுதியில் முயன்று, ஐம்பதுக்கும் மேற்பட்ட யானைகளை ஒரே முறையில் பிடித்தார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் ஐதர் அலி காக்கனகோட்டைக் காடுகளில் இதனை முயன்று தோற்றதாகவும், இனி எவராலும் இயலாது என்றும் முயல்வோருக்குச் சாபம் என்றும் கல்லில் பொறித்து வைத்ததாகவும் 1878இல் வெளியான தம் நூலில் சாண்டர்சன் எழுதுகிறார்.

கெட்டாவின் நடைமுறையை அறிந்தால்தான் அதில் யாருடைய அறிவு இயங்கியது என்பது விளங்கும். முதலில் தடம் பார்ப்போர் மந்தையின் இருப்பிடத்தை உறுதிசெய்வர். காலடியின் ஆழம், சாணத்தின் ஈரம், ஒடிந்த மூங்கிலின் பசுமை, மரத்தில் உரசிய சேற்றின் உயரம் ஆகியவை அவர்களின் ஏடுகள். பின்னர் நூற்றுக்கணக்கானோர் பெருவட்டமாகச் சூழ்ந்து, இரவு முழுதும் தீ மூட்டி, மூங்கிலைத் தட்டி ஓசையெழுப்பி, மந்தை வட்டத்தைத் தாண்டாமல் காப்பர். அதற்குள் அகழியும் கட்டைவேலியும் கொண்ட சிறு அடைப்பு ஆயத்தமாகும். மந்தை உள்ளே புகுந்ததும் கதவு வீழும். கும்கிகளின் மீது பாகர் உள்ளே நுழைந்து, ஒவ்வொரு யானையையும் நெருக்கிக் கால்களில் கயிறு பூட்டுவர். நாள் கணக்கில், சில வேளை வாரக் கணக்கில் நீளும் இவ்வுழைப்பில் உயிரிழந்த மனிதரும் உண்டு, யானைகளும் உண்டு.

இவ்வுழைப்பு காட்சியாக மாறியது காக்கனகோட்டையில். விக்டோரியா அரசியின் பேரன் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் 1889இல் மைசூர் வந்தபோது அவர் பொருட்டு அங்கே கெட்டா நடத்தப்பட்டது. அதன்பின் அரச விருந்தினர் வருகையும் கெட்டாவும் ஒன்றோடொன்று பிணைந்தன. மந்தையைக் கபினி ஆற்றின் குறுக்கே ஓட்டிக் கரையேற்றும் ஆற்று ஓட்டம் மைசூருக்கே உரிய சிறப்பாயிற்று. விருந்தினர் பாதுகாப்பான மேடையில் அமர்ந்து, தமக்கெனக் குறிக்கப்பட்ட நாளில் யானைகள் ஆற்றில் இறங்குவதைக் கண்டனர்.

இதன் அரசியல் காரணம் தெளிவானது. 1831 முதல் ஐம்பதாண்டுகள் ஆங்கில ஆணையர்களின் கீழிருந்த மைசூர், 1881இல்தான் பத்தாம் சாமராஜேந்திர உடையாரிடம் திரும்பக் கையளிக்கப்பட்டது. அவ்வாறு மீண்ட அரசு தன் தகுதியை ஆங்கில மேலாண்மைக்கு இடையறாது காட்டவேண்டியிருந்தது. நிர்வாகத் திறனை அறிக்கைகளில் காட்டியது. இயற்கையின் மீதான ஆளுகையைக் காட்டில் காட்டியது. அடர்ந்த காட்டின் மந்தையைக் குறித்த நாளில், குறித்த இடத்தில், விருந்தினர் கண்முன் கொணர்ந்து நிறுத்துவது ஓர் அரசின் ஒழுங்குக்குச் சான்றாயிற்று. அவ்வொழுங்கைச் சாத்தியமாக்கிய ஜேனு குறும்பரும் பெட்ட குறும்பரும் விருந்தினரின் நினைவுக் குறிப்புகளில் பெரும்பாலும் 'காட்டு மக்கள்' என்னும் பன்மையாகவே எஞ்சினர்.

கன்னட இலக்கியம் இவ்விடத்தில் ஒரு மாற்றைத் தந்தது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட கன்னட எழுத்தாளர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் தம் 'காகன கோட்டே' நாடகத்தில், அவ்வூர்ப் பெயருக்குரிய காகன் என்னும் காட்டுக் குறும்பர் தலைவனை நடுநாயகமாக நிறுத்தினார். சி.ஆர். சிம்ஹா இயக்கத்தில் 1977இல் அது திரைப்படமும் ஆயிற்று. அரச விருந்தினர் ஒரு பின்னணியாக மட்டும் கண்ட காட்டுக்குப் பெயருள்ள மனிதன் ஒருவனை அந்நாடகம் மீட்டுத் தந்தது.

இரண்டு திரைப்படங்கள்

கெட்டாவின் காட்சி மைசூரைக் கடந்து உலகத்துக்குப் போன வழி சுவையானது. ரட்யார்ட் கிப்ளிங் 1894இல் வெளியிட்ட 'காட்டுப் புத்தக'த்தில் யானைப்பாகச் சிறுவன் தூமையின் கதை உண்டு. அதில் வரும் யானைப் பிடிப்பு அதிகாரிக்குச் சாண்டர்சனே முன்மாதிரி என்பர். அக்கதையை 'எலிபண்ட் பாய்' என்னும் படமாக்க இராபர்ட் பிளாகர்டி மைசூர் வந்தார். காராப்பூரில் 1924இல் பிறந்து, பாகனான தந்தையை இழந்து, அரசரின் யானைக் கொட்டிலைச் சுற்றி வளர்ந்த சிறுவன் சாபு அதன் நாயகனானான். பிளாகர்டியும் சோல்டான் கோர்டாவும் இயக்கிய அப்படம் 1937இல் வெளியாகி, வெனிஸ் விழாவில் இயக்கத்துக்கான பரிசு பெற்றது. சாபு இங்கிலாந்துக்கும் பின்னர் ஆலிவுட்டுக்கும் சென்று, அமெரிக்கக் குடிமகனாகி, 1963இல் மறைந்தார். கெட்டாவில் உழைத்த ஆயிரக்கணக்கானோருள் உலகம் பெயர் சொல்லி அறிந்த ஒருவர் உண்டெனில் அவர் பாகன் மகனான இச்சிறுவரே. அவரும் தொழிலால் அன்று, நடிப்பால் அறியப்பட்டார்.

இதற்கு ஓராண்டு முன்னர், 1936இல், கிரகரி லா காவா இயக்கிய 'மை மேன் காட்பிரே' என்னும் அமெரிக்கப் படம் வந்தது. 1920களிலும் 30களிலும் நியூயார்க், பாரிசு நகரங்களின் செல்வர் விருந்துகளில் பொருள் தேடும் விளையாட்டைப் பரப்பியவர் எல்சா மேக்ஸ்வெல். ஒரு பட்டியல் தரப்படும். அதிலுள்ள பொருள்களை ஊரெல்லாம் தேடி முதலில் கொணர்வோர் வென்றவர். இன்றைய நகரப் புதையல் வேட்டையின் நேர் முன்னோடி இதுவே. அப்படத்தின் தொடக்கத்தில் செல்வர்களின் பட்டியலில் 'மறக்கப்பட்ட மனிதன்' ஒருவனும் இருக்கிறான். பெருமந்தத்தால் வீடிழந்து குப்பைமேட்டில் வாழும் ஒருவனைப் பிடித்து வந்து மேடையில் நிறுத்தினால் புள்ளி கிடைக்கும். அவனுக்கு ஒரு பெயரும் வரலாறும் உண்டு என்பது விளையாடுவோர் எவருக்கும் தோன்றுவதில்லை.

ஓராண்டு இடைவெளியில், இரு கண்டங்களில் எடுக்கப்பட்ட இப்படங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். மைசூர்ப் படத்தில் வேட்டையின் உழைப்பாளியின் மகன் நாயகனாகிறான். நியூயார்க் படத்தில் வேட்டையின் இலக்கே ஒரு மனிதன். தேடல் விளையாட்டாகும்போது, தேடப்படும் உலகில் வாழும் மனிதர்கள் பட்டியலின் பொருள்களாகிவிடும் இடர் உண்டு என்பதைக் காட்பிரேயின் கதை அன்றே நகைச்சுவையாகச் சுட்டியது.

செத்த காலேஜும் உயிர் காலேஜும்

சென்னையின் பழைய பேச்சுவழக்கில் அருங்காட்சியகத்துக்குச் 'செத்த காலேஜ்' என்றும் விலங்குக் காட்சிசாலைக்கு 'உயிர் காலேஜ்' என்றும் பெயர். இரண்டும் ஒரே நிறுவனத்தின் கிளைகளாகத் தோன்றியதை அப்பெயர்கள் நினைவூட்டுகின்றன. எட்வர்டு பால்பர் 1855இல் சென்னை அருங்காட்சியகத்தோடு இணைத்து விலங்குகளை வைத்ததே இந்தியாவின் முதல் பொது விலங்குக் காட்சிசாலைக்குத் தொடக்கம். மைசூரிலும் இவ்விரண்டு 'காலேஜ்'களும் இருந்தன.

செத்த காலேஜ் ஒரு தொழிற்கூடம். ஏறத்தாழ 1900 முதல் 1999 வரை இயங்கிய வான் இன்கன் குடும்பத்தின் விலங்குப் பாடக்கூடம், வேட்டையில் வீழ்ந்த விலங்குகளின் தோலைப் பதப்படுத்தி உயிருள்ளவை போல் ஆக்கித் தந்தது. நிறுவியவர் யூஜின் வான் இன்கன். அவர் தம் புதல்வர் மூவருக்குப் போத்தா, டி வெட், ஜூபெர்ட் எனத் தென்னாப்பிரிக்கப் போயர் தளபதிகளின் பெயர்களைச் சூட்டியிருந்தார். இக்கூடத்தில் பதப்படுத்தப்பட்ட புலிகளும் சிறுத்தைகளும் மட்டும் 43,000க்கும் மேல் என மதிப்பிடப்பட்டுள்ளது. இந்திய அரச குடும்பங்களும் ஆங்கில அதிகாரிகளும் நாடெங்கும் சுட்ட விலங்குகள் மைசூருக்கு வந்து, கண்ணாடி விழி பெற்று, மாளிகைச் சுவர்களுக்குச் சென்றன. தாள்களில் வரவு வைக்கப்பட்ட இவ்வெண்ணிக்கை, இந்தியப் புலியின் வீழ்ச்சியை ஆராய்வோருக்கு எந்த நினைவுக் குறிப்பைக் காட்டிலும் உறுதியான சான்று. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முடித்தபோது இத்தொழிலின் அடிப்படையும் தகர்ந்தது.

உயிர் காலேஜ் 1892இல் தோன்றியது. சாமராஜேந்திர உடையார் சுமார் 10 ஏக்கரில் அமைத்த அரண்மனை விலங்குக் கூடம், 1909இல் அவர் பெயரால் சாமராஜேந்திர விலங்கியல் தோட்டம் ஆனது. செருமானியத் தோட்டக்கலை வல்லுநர் ஜி.எச். கிரும்பீகல் அதன் நிலவமைப்பில் பங்காற்றினார். விடுதலைக்குப்பின் 1948இல் அது மாநில அரசின் தோட்டத் துறைக்கும், 1972இல் வனத்துறைக்கும், 1979இல் கர்நாடக விலங்குக் காட்சிசாலை ஆணையத்துக்கும் மாறியது. அரண்மனை, தோட்டம், வனம், தன்னாட்சி ஆணையம் என்னும் இந்நான்கு நிலைகளில் ஒரு நாட்டின் விலங்கு பற்றிய எண்ணமே மூன்று முறை மாறியிருப்பதைக் காணலாம். முதலில் அரசரின் உடைமை. பிறகு தோட்டத்தின் அணி. பிறகு காட்டின் பகுதி. இறுதியில் பாதுகாப்புக்குரிய உயிர்.

அந்த மாற்றம் சட்டத்திலும் பதிந்துள்ளது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவின்படி, காட்சிசாலையில் விலங்கைச் சீண்டுதல், துன்புறுத்தல், அதற்கு உணவிடுதல், ஓசையெழுப்பித் தொல்லைதருதல், குப்பை போடுதல் ஆகியவை குற்றம். ஆகவே 'விலங்கோடு நேர்முகம்' என்று சுற்றுலா விளம்பரம் எதைச் சொன்னாலும், சட்டம் அனுமதிப்பது பார்த்தலை மட்டுமே. கையால் தொட்டும் இரை ஊட்டியும் நெருங்கும் ஆசை, வென்றதைக் கைக்கொள்ளும் பழைய வேட்டை ஆசையின் எச்சம் என்று கொள்ளலாம்.

பறவைத் தீவுகளைச் செய்த அணை

மைசூரிலிருந்து சற்றுத் தொலைவில் காவிரியில் உள்ள ரங்கனதிட்டு, காட்டை அரசு நமக்குக் காட்டும் முறையை வேறொரு கோணத்திலிருந்து விளக்குகிறது. படகில் சென்று நாரைகளையும் அரிவாள்மூக்கன்களையும் முதலைகளையும் காண்போர் அத்தீவுகளை இயற்கையின் படைப்பு என்று எண்ணுவர். அவை 17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கண்டீரவ நரசராச உடையார் காலத்தில் காவிரியில் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட தடுப்பணையால் உருவானவை. வேளாண்மைக்காகத் தேக்கிய நீர், பறவைகளுக்குப் பகைவர் அணுகாத இருப்பிடத்தைத் தற்செயலாக அளித்தது. பறவையியலாளர் சாலிம் அலியின் வலியுறுத்தலால் 1940இல் அது சரணாலயமானது; 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

கெட்டாவிலும் இதே பாடம் உண்டு. காட்சியின் பின்னே ஒரு கட்டுமானம் இருக்கிறது. கட்டியவர்களைத் தேடினால் காட்சியின் பொருள் மாறுகிறது. ரங்கனதிட்டில் படகில் அமரும் மாணவர் பறவைகளை எண்ணுவதோடு, அந்த நீர் எந்த வாய்க்கால் வழியாக எந்த வயலுக்குப் போகிறது என்றும் வினவலாம்.

தடம் பார்ப்போரின் பெயர்

தடம் பார்ப்போரை எழுத்து முற்றிலும் மறந்ததா? இல்லை என்பதற்குச் சான்றும் மைசூரிலேயே கிடைத்தது. மைசூர்க் கீழ்த்திசை நூலகத்தில் பணியாற்றிய ஆர். சாமசாஸ்திரி, தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கிரந்த எழுத்து ஓலைச்சுவடியில், மறைந்துபோனதாகக் கருதப்பட்ட அர்த்தசாத்திரத்தை 1905இல் இனங்கண்டார். 1909இல் அதனைப் பதிப்பித்தார். இந்திய அரசியல் சிந்தனை வரலாற்றையே திருப்பிய இக்கண்டுபிடிப்பின் கதையில் பதிப்பாசிரியர் பெயர் நிலைத்தது. தஞ்சையிலிருந்து சுவடியைச் சுமந்து வந்தவர் 'ஒரு பண்டிதர்' என்றே நிற்கிறார்.

அந்நூலின் இரண்டாம் அதிகரணத்தில் யானைக்காடு பற்றிய பகுதி உண்டு. யானைக் காட்டின் காவலர், பாகர், காலில் கயிறு பூட்டுவோர், எல்லைக் காவலர், காட்டில் திரிவோர் ஆகியோரைத் துணைக்கொண்டு, படுத்த இடம், காலடி, சாணம், இடிந்த ஆற்றங்கரை ஆகிய குறிகளால் மந்தையை அறியவேண்டும் என்று அது விதிக்கிறது. யானையைக் கொன்றவனுக்கு மரண தண்டனையும் கூறுகிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அரசு நூலொன்று, தடம் பார்ப்பதை ஒரு தொழிலாகவும் அறிவாகவும் ஏற்று, அதனைச் செய்வோரை வகை பிரித்துக் கூறியிருக்கிறது. தனி மனிதர் பெயர் அதிலும் இல்லை. ஆயினும் தொழிலின் பெயர் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் விருந்தினர் எழுத்தில் அதுவும் தேய்ந்து போனது.

இத்தாலிய வரலாற்றாசிரியர் கார்லோ கின்சுபர்க் 1979இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இவ்விடத்தில் நமக்கு நேரடியாகப் பயன்படுகிறது. காலடியையும் சாணத்தையும் முறிந்த கிளையையும் கொண்டு கண்ணில் படாத விலங்கின் கதையைச் சொல்லக் கற்ற வேடனின் அறிவிலிருந்தே, நோய்க்குறி காணும் மருத்துவரின் முறையும், தடயம் காணும் துப்பறிவாளரின் முறையும், சான்று காணும் வரலாற்றாசிரியரின் முறையும் கிளைத்தன என்பது அவர் வாதம். அவ்வாதத்தை ஏற்றால் காக்கனகோட்டையின் தடம் பார்ப்போர் நம் ஆய்வின் பொருள்களாக மட்டும் நிற்கமாட்டார்கள். நம் ஆய்வு முறையின் முன்னோர்களும் ஆவர். ஆவணக் காப்பகத்தில் ஒரு மங்கிய கையெழுத்தைக் கொண்டு ஒரு நிகழ்வை மீட்டுரைக்கும் மாணவர் செய்வது, ஈரச் சாணத்தைக் கொண்டு மந்தை சென்ற நேரத்தைச் சொன்னவர் செய்ததே.

நீருக்கடியில் ஒரு மேடை

கடைசிக் கெட்டா 1971இல் நடந்தது. மறுஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்தது. 1974இல் கபினி அணை நிறைவுற்றபோது, கெட்டா நிகழ்ந்த ஆற்றங்கரை நிலம் பெருமளவு நீரில் ஆழ்ந்தது. காராப்பூரில் இருந்த அரச வேட்டை முகாம் 1980 முதல் அரசு நிறுவனத்தின் வனவிடுதியாக இயங்குகிறது. பந்திப்பூர் 1973இல் புலிகள் திட்டத்தின் முதல் ஒன்பது காப்பகங்களுள் ஒன்றாயிற்று. நாகரஹொளே தேசியப் பூங்காவாக மாறிய காலத்தில் ஜேனு குறும்பர் உள்ளிட்ட பழங்குடிக் குடும்பங்கள் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டன. அதே காட்டுக்குள் ஆடம்பர விடுதி ஒன்றுக்கு வழங்கப்பட்ட குத்தகையைப் பழங்குடியினர் எதிர்த்துப் போராடினர். 1997இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அக்குத்தகை சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. தடம் பார்க்கத் தெரிந்தவருக்குக் காட்டில் இடமில்லை, பார்க்க வரும் விருந்தினருக்கு இடமுண்டு என்னும் நிலையை அவ்வழக்கு வெளிப்படையாக்கியது. 2006இன் வன உரிமைச் சட்டத்துக்குப் பின்னும் அக்கேள்வி முற்றாகத் தீர்ந்துவிடவில்லை.

கெட்டாவின் இறுதி அத்தியாயத்தை எழுதியது ஒரு யானை. 1968இல் காக்கனகோட்டைக் கெட்டாவில் பிடிபட்ட அர்ச்சுனன், 2012 முதல் 2019 வரை எட்டுத் தசராக்களில் 750 கிலோ எடையுள்ள பொன் அம்பாரியைச் சுமந்தான். இலட்சக்கணக்கானோர் படமெடுத்த உருவம் அது. 2023 திசம்பர் 4 அன்று, அசன் மாவட்டத்தின் சகலேசுபுரம் பகுதியில் காட்டு யானைகளைப் பிடிக்கும் பணியில் கும்கியாக ஈடுபடுத்தப்பட்டபோது, ஒரு காட்டு யானையோடு மோதி உயிரிழந்தான். பிடிக்கப்பட்ட யானை பிடிக்கும் யானையாகி, பிடிக்கும் களத்திலேயே மாண்டது. 1874இல் சாமராஜநகர்க் காட்டில் தொடங்கிய ஒரு நடைமுறை 2023 வரை ஓர் உடலில் நீண்டிருந்தது என்பதை, ஊர்வலத்தைப் படமெடுத்தோருள் எத்தனைபேர் அறிந்திருந்தனர்?

மாணவருக்கு ஒரு குறிப்புச் சீட்டு

மைசூரில் ஒருநாள் தேடல் விளையாட்டு வேண்டாம் என்பது என் கருத்தன்று. கல்லூரி மாணவர் குழுவோடு செல்லும் ஆசிரியர் எவருக்கும் அது நல்ல வாய்ப்பு. குறிப்புச் சீட்டில் எழுதப்படும் கேள்விகள் மாறினால் போதும். விடை முன்பே ஆயத்தமாக இருக்கும் கேள்விகளோடு, தேடினால் கிடைக்காமலும் போகக்கூடிய கேள்விகளும் வேண்டும்.

சாமுண்டி மலையில்: இவ்வூரின் பெயரில் உள்ள விலங்கு எது, அதனை வென்றோர் சொல்லும் கதைக்கு மாற்றாக வேறு கதை வழக்கில் உண்டா? விலங்கியல் தோட்டத்தில்: 38ஜே பிரிவைச் சொல்லும் பலகையைக் கண்டுபிடிக்க, 1892இல் இருந்த 10 ஏக்கரின் எல்லை இன்றைய பரப்பில் எதுவரை என்று ஊகிக்க. கீழ்த்திசை ஆய்வகத்தில்: தஞ்சையிலிருந்து சுவடி கொணர்ந்தவரைப் பற்றிய ஒரு வரியேனும் எங்காவது உண்டா எனத் தேடுக. தசராக் காலத்து அரண்மனை முற்றத்தில்: அங்கு நிற்கும் ஒவ்வொரு யானையும் எந்த ஆண்டில், எந்தக் காட்டில், எம்முறையில் பிடிக்கப்பட்டது என்று வினவுக, யானையின் பெயரோடு அதன் பாகரையும் காவடியையும், அவர்கள் விரும்பினால், பெயர் கேட்டு எழுதுக. ரங்கனதிட்டில்: படகோட்டி பறவையை இனங்காண எங்கே, யாரிடம் கற்றார் என்று கேட்டறிக.

இக்கேள்விகளுக்குப் படம் விடையாகாது. உரையாடியும் ஆவணம் புரட்டியும்தான் விடை தேட வேண்டும். சிலவற்றுக்கு ஒருநாள் போதாது. அவற்றுள் ஒன்றேனும் ஒரு மாணவரின் முதுகலை ஆய்வேட்டுக்கு வித்தாகுமானால் அந்த ஒருநாள் பயனுடையது. குறிப்பாக, கெட்டாக்களில் பணியாற்றிய குடும்பங்களின் வாய்மொழி வரலாற்றைத் தொகுக்கும் பணி அவசரமானது. 1971இல் இருபது வயதினராக இருந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். ஜேனு குறும்பர், பெட்ட குறும்பர் மொழிகளை அறிந்த இளம் ஆய்வாளர்கள், குறிப்பாக அச்சமூகங்களிலிருந்தே உயர்கல்விக்கு வந்துள்ளோர், இதனை மேற்கொள்வதே முறை. தமிழக எல்லையில் முதுமலை, கூடலூர்ப் பகுதிகளில் அவர்தம் உறவினர் வாழ்வதால், தமிழ்ப் பல்கலைக்கழகத் துறைகளும் இதில் பங்கேற்கலாம். காலடி பார்த்து மந்தையைச் சொன்னோரின் பெயர்களை அவர்தம் பேரப்பிள்ளைகளின் கையால் ஏட்டில் ஏற்றுவதற்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.